ஆணி அடிக்காத வீட்டில் ஓர் ஏணை

விருத்தாசலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டினால் சொர்ணாம்பாளின் நான்கு வாடகை வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி நிற்கும். மூன்றாவது வீட்டில் நாங்கள். இரண்டாவதில் நீலாவதி அக்காவும் அவள் கணவர் பக்கிரி அண்ணனும். அவருக்குப் பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை. குடிவருகிற எல்லோரிடமும் சொர்ணாம்பாள் ஒன்றைத்தான் சொல்வாள்: "சுவத்துல ஆணி அடிச்சா, அன்னைக்கே சட்டி பானையைக் கட்டிக்கணும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சேறு வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். ஓர் ஆணியைப் பிடுங்கினால் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் கூடவே வந்துவிடும். நாங்கள் எல்லோரும் சட்டையைக் கதவின் மேல் போட்டுவிட்டு வீட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நீலாவதி அக்கா திட்டவில்லை. குடிவந்த வாரமே சவுக்குக் கழிகளோடு வேலையைத் தொடங்கிவிட்டாள். இரண்டு சுவர்களுக்கும் நடுவே உள்ள அகலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கழியை அறுப்பாள். இரு முனையிலும் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றுவாள். ஒரு முனைக்கும் சுவருக்கும் இடையில் மரச் சில்லைச் செருகி உள்ளங்கையால் ஒரு தட்டு. அவ்வளவுதான், கழி அந்தரத்தில் நிற்கும். அடுப்பு மூலையில் கரண்டிகள் தொங்கின. மாடக்குழிக்குள் இரண்டு கழிகளை வைத்துப் பலகை போட்டாள். ஒரு மாடம் இரண்டானது. அறையின் குறுக்கே ஒரு பழைய சேலை. ஒற்றை அறைக்கு அப்போதுதான் உள், வெளி என்று ஆனது. வேண்டும்போது இழுக்கலாம், வேண்டாதபோது ஒதுக்கலாம். சுவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"ஒரு நாளைக்கி என்னையும் குச்சியில மாட்டாம வுடமாட்டா" என்பார் பக்கிரி அண்ணன்.

"ஒங்கள மாட்டினா குச்சி தாங்குமா? வவுத்தப் பாருங்க."

அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் அவள் தங்கை பெரியநாயகிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா இல்லாத பெண்கள். அதனால் அக்காவின் ஒற்றை அறைதான் தங்கைக்குத் தாய்வீடு. ரத்தம் நிறையப் போய்விட்டது, மூன்று மாதம் குனிந்து நிமிரக் கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து பெரியநாயகியின் மாமியார் கண்ணம்மாள் குழந்தையைப் பார்க்க வந்தாள். பார்த்துவிட்டு அண்ணாந்து தளத்தைப் பார்த்தாள்.

"என்னா நீலாவதி, உத்திரம் இல்ல, ஒரு கொக்கி இல்ல. புள்ளைக்கு ஏணை எங்க கட்டுவ? தீட்டு கழியிற அன்னைக்கி வரேன். ஏணை போட்டா இங்க இருக்கட்டும். இல்லன்னா ஆயியையும் புள்ளையையும் நான் அழைச்சிட்டுப் போறேன். எங்க வூட்டுல உத்திரம் நாலு இருக்குது."

"அவளால எழுந்து நிக்கவே முடியலிங்க அத்தை."

"நிக்க வேணாம்டி. நடவுக்குக் குனிஞ்சாப் போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னது விளையாட்டில்லை. சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் பெரியநாயகி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நீலாவதி அக்கா சொர்ணாம்பாளிடம் போனாள். "தளத்துல ஒரே ஒரு கொக்கி பெரியம்மா. காலி பண்ணும்போது பூசிக் குடுத்துடுறேன்."

"ஒண்ணுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. தளத்தத் தொளச்சா மழை ஒழுகும்டி. ஒந்தங்கச்சி புள்ள ஆடுறதுக்கு என் வூடு நனையணுமா?"

வேறு வழி தேடினாள். பக்கிரி அண்ணன் பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பட்டறையில் கொடுத்து, ஒரு முனையில் நீள போல்ட்டும் நட்டும் பொருத்தி வாங்கி வந்தார். நட்டைத் திருகத் திருக போல்ட் வெளியே வந்து சுவரை அழுத்தும். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதற்கும் பீங்கானை வைத்தால்தான் மனசு ஆறும். சூளையில் கோணிப்போன இரண்டு கிண்ணங்களை, நீலப்பூ போட்டவை, முனைக்கு ஒன்றாகக் கவிழ்த்தார். "பாரு, மாப்ள வூட்டு அலங்காரம்" என்றார்.

அக்கா உடனே குழந்தையைப் போடவில்லை. குழாயில் சேலைத் தொட்டிலாக ஏணையைக் கட்டி, அம்மிக் குழவியை அதில் போட்டு ஆட்டினாள். மூன்றாம் ஆட்டத்தில் மெருகுப் பீங்கான் சுண்ணாம்பில் வழுக்கி, குழாயும் குழவியும் தடாலென்று விழுந்தன.

"என்னடி இடிஞ்சிது?" என்று, தான் குடியிருந்த முன்வீட்டிலிருந்து சொர்ணாம்பாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா, குழவி!"

"குழவியா? வெளையாடுதா?"

பக்கிரி அண்ணன் கிண்ணச் சில்லுகளைப் பொறுக்கியபடி, "இன்னும் இறுக்கித் திருகினா நிக்கும்" என்றார்.

"இறுக்கினா சுவரு வெடிக்கும்." அவள் தரையில் உட்கார்ந்து சுவரையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள். "சுவத்துக்குப் புடிச்சிக்கத்தாங்க தெரியும். சொமக்கறதுக்குத் தரை இருக்குதே."

அன்று மாலை விறகுக்கடையிலிருந்து, தலைப்பக்கம் இரண்டாகப் பிரிந்த கவைக்கொம்புகள் இரண்டு வந்தன. இரு சுவரையும் ஒட்டி ஒன்றொன்றை நிறுத்தி, கவைகளில் குழாயைக் கிடத்தினாள். பாரம் கொம்பு வழியாகத் தரைக்கு இறங்கியது. குழாய் முனைகளில் கிண்ணத்துக்குப் பதில் டியூப் ரப்பர். கொம்புகள் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. குழவி ஆடியது. அரிசி மூட்டை ஆடியது. கடைசியில் பக்கிரி அண்ணனே ஏணையில் உட்கார்ந்து ஆடினார். பெரியநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிப்பு மூட்டாதீங்க மாமா, வலிக்குது" என்றாள்.

தீட்டுக் கழிந்த அன்று கண்ணம்மாள் பெரிய துணிப்பையோடு வந்தாள். பிள்ளைத்துணி எடுத்துப்போகும் பை. ஏணையைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்காமலே சுற்றிவந்தாள். சொர்ணாம்பாளும் வந்து, குழாய் தொடுகிற இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஆணி இல்ல சம்மந்தி. நானும் தேடிப் பாத்துட்டேன்" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கண்ணம்மாள் நம்பவில்லை. பையை வைத்தாள், ஏணைச் சேலையை இரண்டு கையாலும் பிடித்தாள், முழங்காலை மடக்கி முழு உடம்பையும் தொங்கவிட்டாள். கதிர்க்கட்டு சுமந்த உடம்பு. ரப்பர் ஒருமுறை கீச்சிட்டது. குழாய் அசையவில்லை.

"அத்தை, பாப்பாவுக்கும் கொஞ்சம் எடம் வுடுங்க" என்றாள் நீலாவதி அக்கா.

பக்கிரி அண்ணன் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். கண்ணம்மாள் கால் ஊன்றி நின்று, மூச்சு வாங்கி, குழந்தையைத் தன் கையாலேயே ஏணையில் போட்டாள். மெல்ல ஆட்டினாள்.

"நடவுக்குக் கூலியாளு வெச்சிக்கிறேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "கார்த்திகையில வரேன். அவளுக்குப் பூண்டுக் கொழம்பு வெச்சிக் குடு."

கண்ணம்மாளை பஸ் ஏற்றிவிட்டு நீலாவதி அக்கா திரும்பி வந்தபோது நல்ல வெயில். திரைக்கு அந்தப் பக்கம் பெரியநாயகி, ஏணைக் கயிறு கையில் இருக்க, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா கயிற்றை மெதுவாக உருவி எடுத்துத் தான் ஆட்டத் தொடங்கினாள்.