சவுக்காரம் போட்டுக் கழுவிய கார்

மண்ணெண்ணெயில் ஓடிய காரின் பின்பக்கத்தைக் கழுவுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தண்ணீர் படக்கூடாது. பட்டால் கரி இளகிப் பரவி, பம்பரில் இருந்தது டிக்கி மூடி வரைக்கும் ஏறிவிடும். அது அடுப்புக் கரியைப் போன்றதல்ல. எண்ணெய்ப் பிசுக்கோடு வருவது. ஒருமுறை தொட்டால் கைரேகைக்குள் போய்க் குடியிருக்கும். ஆகவே முதலில் அரித்த சாம்பலைத் தூவ வேண்டும். பிசுக்கைச் சாம்பல் குடித்த பிறகு பழைய சாரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. அதன் மேல் பனம்பழக் களியைப் பூசி, சற்று ஊறவிட்டு, அதற்குப் பிறகுதான் கிணற்றுத் தண்ணீர். தேங்காய்த் தும்பு பம்பருக்கு மட்டும். பெயின்றில் தும்பு பட்டால் மாமா அடிக்கமாட்டார். அடிப்பதைவிட மோசமாக ஒரு பார்வை பார்ப்பார்.

இதை இவ்வளவு விபரமாக எழுத முடிவது அது என் வேலையாக இருந்தபடியால்தான். எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்று போயிருந்த காலம். சவுக்காரமும் வருவதில்லை. உடுப்புத் தோய்ப்பதும் பனம்பழத்தில்தான். கார் வைத்திருந்தவர்கள் சிறிய மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொக்கிஷம்போல வைத்திருந்து, கார்ப்பரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். கார் போன பிறகும் அதன் புகை ஒழுங்கையில் நின்றுகொண்டிருக்கும்.

மாமா என்பது அம்மாவின் ஒரே அண்ணன். அவருடைய கார் பால் நிறத்தில் ஒரு பழைய ஒஸ்ரின். அந்த நிறத்தில் கரி தெரிவதுபோல வேறெதிலும் தெரியாது. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே வளவில், நடுவில் ஒரு வேலி. அந்த வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு. அந்தச் சுற்றாடலில் ஓடக்கூடிய கார் அது ஒன்றுதான். மாமா அதைக் கராச்சுக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோய் விடுவார். ஓர் அவசரமென்றால் டக்கென்று எடுக்க வசதி என்பது அவருடைய விளக்கம். பின்சுவருக்கும் காருக்கும் இடையில் மெலிந்த ஓர் ஆள் நிற்க இடம் இருக்கும். அந்த ஆள் நான். சனிக்கிழமைகளில் கழுவி முடித்தால் ஒரு துண்டுக் கற்கண்டு கிடைக்கும்.

எனக்கு மாமாவைப் பிடிக்கும். பனம்பழ மணத்துக்கு ஒருநாள் அவருடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று நம்பர் பிளேற்றை நக்கத் தொடங்கியது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கடை காருக்கு இப்ப ரெண்டு கிளீனர்! அதிலை பசுதான் கெட்டிக்காரி, கற்கண்டு கேக்கிறேல்லை" என்றார்.

நான் சொல்ல வந்தது அடுத்து வந்த கிழமையைப் பற்றி. சனிக்கிழமை காரைக் கழுவினேன். வடிவாகவே கழுவினேன், டிக்கி மூடியில் என் முகம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் அளவெட்டியில் அத்தை வீட்டுக்குப் போனோம். அம்மாவுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அப்பா சைக்கிளை உருட்டாத குறையாக மெதுவாக மிதித்து அவரைக் கூட்டிப் போனார். இரவு அங்கேயே தங்கி, திங்கட்கிழமை காலை வந்தோம். மத்தியானம் சோற்றுக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்த அம்மா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அப்பா வேலிப் பொட்டால் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"அத்தான், காரை ஒருக்கா எடுங்கோ. அவளுக்கு நோ கண்டிட்டுது, கெதியிலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

மாமா கராச்சுக்குள் நின்றார். காரின் முன்மூடி திறந்திருந்தது. எங்களைக் கண்ட பிறகு திறந்தாரா, முதலே திறந்து கிடந்ததா என்று எனக்குத் தெரியாது. பல வருடங்களாக அதை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

"நான் மாட்டன் எண்டு சொல்லுவனோ? கார்ப்பரேற்றர் பிழைச்சுப் போச்சு. சனிக்கிழமை நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான், ஸ்ராட்டே வரேல்லை. உதிலை நிண்டு நேரத்தைப் போக்காதையும், லான்ட்மாஸ்ரரைப் பிடியும்."

அப்பா அப்படியே திரும்பி, இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்திருந்தவரின் வீட்டுக்கு ஓடினார். அப்பாவும் மாமாவும் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நான் பழக்கத்தில் என் இடத்துக்குப் போயிருந்தேன். பின்பக்கம் ஒரே கறுப்பு. பம்பர், நம்பர் பிளேற், டிக்கி மூடியின் பாதி. என் சனிக்கிழமை உழைப்பு முழுதும் போயிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது; அந்த ஆத்திரம் கழுவிய ஆளின் ஆத்திரம் மட்டுமே.

நான் அங்கே நிற்பதை அறியாமல் மாமி வெளியே வந்தார்.

"நல்ல காரியத்துக்குப் போற கார். உதுக்குள்ளை துடக்கை ஏத்தினால் பிறகு மாப்பிள்ளை வீட்டாரை எப்பிடி ஏத்திறது?"

"மெதுவாக் கதை. பெற்றோலும் அந்தப் போத்தலோடை சரி" என்று சொல்லிவிட்டு மாமா முன்மூடியைச் சாத்தினார்.

மாமாவின் மகளான மச்சாளைப் பெண் பார்க்கக் கொடிகாமத்திலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களைக் கூட்டிவர நாள் பேசுவதற்காக மாமா ஞாயிற்றுக்கிழமையே காரில் அங்கே போய் வந்தது தெரியாது. பிள்ளைப்பேறு என்றால் துடக்கு, துடக்கென்றால் கோயிலுக்குப் போக முடியாது, இவ்வளவும் தெரியும். காருக்கும் துடக்கு உண்டென்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி அம்மாவைக் கொண்டுபோனார்கள். குண்டு விழுந்து கிளறுண்ட வீதி. ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. உயிரில்லாமல் பிறந்தது ஆண்பிள்ளை என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அத்தை சொன்னார்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று மாமாவும் மாமியும் வந்தார்கள். எல்லாரையும்விட உரத்து அழுதது மாமி.

"வயித்திலை பிள்ளையோடை சைக்கிளிலை ஏறித் திரிஞ்சால்..." என்று அழுகைக்கு நடுவே ஒரு சொல்லையும் வைத்துவிட்டுப் போனார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா அவருடைய தோளில் கையை வைத்தார்.

"உந்தச் சனியன் கார் மட்டும் ஓடியிருந்தால், நான் பறந்து கொண்டுபோயிருப்பன்."

"நீங்கள் என்ன செய்யிறது, அத்தான்? நான் பொழுதுபட வந்து கார்ப்பரேற்றரை ஒருக்காக் கழட்டிப் பாக்கிறன்" என்றார் அப்பா. பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர், கார் ஓடாத மனிதரைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனார்கள். அப்பா சாமான் வாங்கச் சந்திக்குப் போனார். அம்மாவைச் சிரிக்க வைக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. என் குறையைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அம்மா, இந்த முறை மாமா ரெண்டு கற்கண்டு தரவேணும். சனிக்கிழமை அப்பிடிக் கழுவின கார், திங்கக்கிழமை பாத்தால் பின்பக்கம் ஒரே கரி."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"எப்ப பாத்தனீ உதை?"

"அப்பா மாமாவோடை கதைக்கேக்கை."

"வடிவாப் பாத்தனியோ? பழைய கரியாய் இருக்கும்."

"இல்லை, புதுசு. கையிலை ஒட்டினது."

"அப்பாட்டைச் சொன்னனியோ?"

"இல்லை."

அம்மா சுவரைப் பிடித்து எழும்பிப் போய், றங்குப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். குழந்தைச் சவுக்காரம். கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒருவர் மூலம் கிடைத்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று பிரிக்காமல் வைத்திருந்தது. நான் அதை மணக்கக் கேட்டு முன்பு இரண்டு தரம் பேச்சு வாங்கியிருந்தேன். அம்மா கடதாசியைப் பல்லால் கிழித்து, கட்டியை என் கையில் வைத்தார்.

"போய்க் கழுவு. ஒரு பொட்டுக் கறுப்பும் இருக்கப்படாது. அப்பா வாறதுக்கிடையிலை."

"முழுச் சவுக்காரத்தையுமோ?"

"முழுதையும் போடு."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. நான் பொட்டால் பறந்தேன். சாம்பலும் இல்லை, பனம்பழமும் இல்லை, நேரே சவுக்காரம். நுரை வெள்ளையாக வந்து, சாம்பல் நிறமாகி, கறுத்து வழிந்தது. கராச் முழுவதும் ஒரு கைக்குழந்தை படுத்திருப்பதுபோல மணத்தது. கட்டி தேய்ந்து, விரலளவாகி, விரலுக்குள் வழுக்கிக் கரைந்து போகும்வரை உரஞ்சினேன்.

நடுவில் மாமா வந்து நின்றார்.

"ஆர் பிள்ளை உன்னை அனுப்பினது?"

"அம்மா."

நுரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். கற்கண்டு தர மறந்துவிட்டாரே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர் என்னைக் கூப்பிடவில்லை. என் வேலையில் என்ன பிழை கண்டார் என்று வெகுகாலம் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

பொழுதுபட அப்பா திருகாணிச் சாவியை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் நின்று, என் கையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்காலை சவுக்காரம்?"

"அம்மா தந்தவ. மாமாவின்ரை காரின்ரை பின்பக்கம் கழுவ."

அப்பா என் கையை விடவில்லை. வீட்டுக்குள் அம்மா படுத்திருந்த பக்கம் பார்த்தார். வேலிக்கு அப்பால் பார்த்தார். பிறகு சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கிணற்றடியில் போய் இருந்துகொண்டார். விலைக்கும் கிடைக்காத சவுக்காரம் வீணாகிவிட்டதென்று அவருக்குக் கவலை என நினைத்தேன். அம்மாவை ஏசுவார் என்று பயந்தேன். அவர் ஏசவில்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

மாமாவின் கார் அந்தக் கிழமையே ஓடியது. மச்சாளுக்குக் கொடிகாமத்துச் சம்பந்தம் சரிவந்தது. மச்சாள் இப்போது வெளிநாட்டிலிருந்து என் பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார். வேலியிலிருந்த பொட்டு எப்போதும்போலத் திறந்தே கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து நான் பெரிய பிள்ளையானேன். சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் முன்னுக்கு நின்று தேங்காய் உடைக்க வேண்டும். அவர் இல்லாமல் சடங்கு இல்லை. எனக்கு இருந்தது ஒரேயொரு தாய்மாமன். பக்கத்து வளவென்றாலும் மாமா சீர்த்தட்டுகளோடு காரிலேயே வந்தார். ஒழுங்கையில் திருப்ப இடமில்லாமல், பின்பக்கமாக எங்கள் படலை வரை கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா வாசலுக்கு வந்து, "வாங்கோ அண்ணை" என்றார். முகம் நிறையச் சிரித்தார்.

நான் பட்டுச் சேலை பாரத்தோடு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் உள்ளே வந்த பிறகும் அப்பா படலையடியில் நின்றார். காரின் பின்பக்கம் கறுத்திருந்தது. அப்பா குனிந்து, பம்பருக்கு மேலே ஒரு விரலால் மெல்ல இழுத்தார். அந்த விரலைப் பார்த்தார். பிறகு அன்றைக்கென்று வாங்கிய புது வேட்டியில் துடைத்துவிட்டு, மாமாவை வரவேற்க உள்ளே வந்தார்.

வெள்ளை வேட்டியில் கரிக் கோடு. அந்தக் கரி தோய்த்தாலும் போகாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அம்மா இப்போது அப்பாவை ஏசுவார் என்று காத்திருந்தேன். அம்மா அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முன்னால் வந்து மறைத்து நின்றுகொண்டு, மாமாவின் கையில் தேங்காயைக் கொடுத்தார்.

சடங்கு நேரமென்றபடியால் அம்மா ஏசவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.