கொள்ளையர் படகுக்கு ஒரு பெயர்

மெல்பர்னின் மல்கிரேவில், ஒரு பல் டாக்டர் வீட்டுக் கராஜில் மொழிபெயர்ப்பாளனாக நிற்கிறேன். வார இறுதிகளில் இவர் கடற்கொள்ளையர் தலைவன். தன் பொழுதுபோக்குக் குழு ஏரியில் நடிக்கப்போகும் கொள்ளைக்காக ஒரு பழைய படகைச் செப்பனிடுகிறார். அதாவது, இலங்கையின் மன்னாரிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்த ஜெயசீலன் செப்பனிடுகிறார். டாக்டர் ஒரு கண்ணை மூடிக்கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறார். ஜெயசீலனின் விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை. ஆகவே இது தன்னார்வத் தொண்டு.

ஏழு கொள்ளையர்கள் கேக் தின்றபடி ஒரு மணி நேரம் விவாதித்துப் படகுக்குப் பெயர் வைக்கிறார்கள்: 'இரக்கமற்றவள்'. ஜெயசீலனுக்குத் தமிழில் சொல்கிறேன்.

“கடலுக்குப் போற வள்ளத்துக்கு ஆரண்ணை இப்பிடிப் பேர் வைப்பினம்?”

“கடலுக்கு இல்லைங்க, ஏரிக்குத்தான். இடுப்பளவு தண்ணி.”

அவர் சிரிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளைத் தாளில் பார்த்துப் பார்த்து, படகில் பிசிறில்லாமல் எழுதி முடிக்கிறார். டாக்டருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ஜெயசீலனும் கொள்ளையனாகப் படகில் வரவேண்டுமாம்; அசல் கடல்காரன், பொருத்தமாக இருப்பாராம். அதையும் மொழிபெயர்க்கிறேன்.

ஜெயசீலன் தூரிகையைத் துடைக்கிறார்.

“வேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை. ஒருக்காப் படகில வந்ததுக்கே ஒரு வருசமா விசாரிக்கிறாங்கள்.”