கழற்றி எடுத்துப் போகும் படகுத்துறை

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன வெல்டிங் ஷெட். வரைவது நான், வெல்டிங் அடிப்பது என் வீட்டுக்காரர், சண்டை மட்டும் பொது. பழவேற்காடு ஏரியில் பாய்ப்படகு ஓட்டச் சென்னையிலிருந்து வருகிறவர்கள், இரண்டு நாள் மட்டும் நிற்கிற மாதிரி ஒரு படகுத்துறை கேட்டார்கள். சேற்றில் ஒரு கம்பம்கூட ஊன்றக் கூடாது, போகும்போது ஒரு ஆணிகூட மிஞ்சக் கூடாது. கேட்டதுமே எனக்குக் கை துறுதுறுத்தது.

சமையல் எண்ணெய் வந்த நீல டிரம்களைக் கழுவி, மேலே இரும்புச் சட்டம் போட்டு, துண்டு துண்டாகக் கொக்கியில் மாட்டினோம். மணல் மூட்டைதான் நங்கூரம். அது மிதப்பதைப் பார்த்ததும் அவர் அதன்மேல் ஏறி ஒரு ஆட்டமே போட்டார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஆழத்தை மட்டும் தெரிந்துகொண்டு காலை விட்டேன். இடம் பார்க்கப் போன அன்று அங்கே ஒரு படகும் இல்லை. ஆளில்லாத தண்ணீர் யாருடையதும் இல்லை என்று நினைத்துவிட்டேன். முதல் நாள் காலையில் ஒரு அக்கா, புருஷனோடு வலையை ஏற்றிக்கொண்டு படகில் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? இன்னிக்கி இங்க எங்க பாடு. நடுவுல கட்டில் போட்டு வச்சிக்கினு கீற!"

அந்த ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பது முறை வைத்து வரும். அதுதான் பாடு. அன்றைக்கு விட்டால் அடுத்த முறைக்கு எத்தனை நாளோ. அவருடைய பிழைப்பின்மேல் போய்த் துறை கட்டியிருக்கிறேனே!

"கழட்டுற மாதிரிதானே வரஞ்ச? கழட்டு, பேஜாரு பண்ணாத" என்றார் வீட்டுக்காரர். அந்த மனிதருக்கும் எப்போதாவது மூளை வேலை செய்யும். ஒரு பக்கத்து மணல் மூட்டைகளின் கொக்கியை எடுத்ததும் துறை முழுவதும் கேட் மாதிரி திரும்பிக் கரையோரம் ஒதுங்கியது. பாய்ப்படகுக்காரர்கள் தள்ளிப் போய்ப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வலை இறங்கியது. இழுத்தபோது இறால் துள்ளியது, நாங்களும்தான். அக்கா துறையோரம் படகை அணைத்து, சேற்றில் கால் வைக்காமலே இறால் கூடைகளைத் துறைமேல் ஏற்றினார்.

மறுநாள் சாயங்காலம் ஸ்பேனரை எடுத்தேன். தடம் தெரியாமல் கழற்றிக்கொண்டு போவதில்தான் எனக்குக் கர்வமே. அக்கா வந்து துறையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அதுக்குள்ள கழட்டுறியா? நாளைக்கி என் நாத்தனாரு பாடு. அவளும் இதுல கூடைய ஏத்தட்டுமே."

ஸ்பேனரைப் பையில் போட்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் தள்ளிப் போட்டதில்லை.