பிரேக்கில் இருந்த விரல்கள்

துணி வெட்டுகிற கட்டரம்மாவைத் தெரியாதவர் அந்தத் தையல் ஆலையில் கிடையாது. நீண்ட மேசையில் அடுக்கடுக்காகத் துணியை விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, கத்தி மெஷினை அவள் ஓட்டினால் அடித்துணியும் மேல்துணியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சாக வந்து விழும். இடது கையில் கம்பிவலைக் கையுறை, வாயில் யார் மேலாவது ஒரு திட்டு. இத்தனை வருஷத்தில் விரலுக்கும் சேதமில்லை, வாய்க்கும் ஓய்வில்லை.

அவளுக்குத்தான் ரத்தப் புற்றுநோய் வந்தது. வந்ததிலும் கொஞ்சம் நிதானமான வகை. "தினமும் ஒரு மாத்திரை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பார்க்கணும். உடம்பைச் சும்மா போட்டு வைக்காதீங்க. ஒழுங்கா இருந்தா ரொம்ப வருஷம் ஓட்டலாம்" என்றார் டாக்டர் அம்மா.

"என்னத்த ஓட்டுறது டாக்டர்?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சைக்கிள்தான் ஓட்டுங்களேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, கட்டரம்மா வீட்டுக்குப் போனதும் கல்யாணமாகிப் போன மகள் விட்டுச் சென்ற சைக்கிளைத் தூசி தட்டி, மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சூப்பர்வைசரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தாள். அடுத்த வாரமே கத்தி மெஷின் கைமாறியது. "உங்க நல்லதுக்குத்தாம்மா. கீறல் பட்டு ரத்தம் நிக்கலைன்னா யார் பதில் சொல்றது?" என்று அவளைப் பட்டன் பொறுக்கிப் பையில் போடுகிற மூலைக்கு அனுப்பினார். வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஆனால் ஆட்கள் மாறிப்போனார்கள். நேற்று வரை அவள் திட்டினால் திருப்பித் திட்டியவர்கள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஆஸ்பத்திரி வார்டுக்குள் பேசுகிற குரலில் "எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டார்கள். அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போட ஆள் இல்லாத இடத்தில் ஒரு மனுஷி நாள் முழுக்க எப்படித்தான் உட்காருவது?

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவளுக்கு உயிராகிப் போனது. மேல்மாடியில் குடியிருந்த டீச்சர்தான் சேர்த்துவிட்டாள். டயர் கடைக்காரர் ஒருவர், வயதானவர், அவரைக் கேப்டன் என்பார்கள். பிறகு பேக்கரிக்காரர், டீச்சர், கட்டரம்மா. விடிந்ததும் கிளம்பி, ஊரைத் தாண்டி, நீரேற்று நிலையம் வரை போய்த் திரும்புவார்கள். எதிர்க்காற்று அடிக்கிற சாலை அது. ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி நிழலில் போகிற மாதிரிப் போவார்கள். முன்னவர் களைத்தால் முழங்கையை ஆட்டிவிட்டு விலகுவார், அடுத்தவர் முன்னால் வருவார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் காற்று வெட்டுவது. கத்தி போனாலும் வெட்டு வேலை போகவில்லை என்று கட்டரம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கேப்டனுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. முறை வந்தால் முன்னால் வரவேண்டும். பின்தங்கினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். "வரமுடிஞ்சவங்க வாங்க, முடியாதவங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க." இந்த ஈவு இரக்கம் இல்லாத பேச்சைக் கேட்டபோது கட்டரம்மாவுக்கு அந்த மனுஷனின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

நோய் விஷயம் அந்தக் கூட்டத்தில் டீச்சருக்கு மட்டும் தெரியும். ஒருநாள் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், மறைக்க முடியவில்லை. "இங்க பாரு, வெளியில மூச்சு விட்டேன்னு தெரிஞ்சா உன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்" என்றாள் கட்டரம்மா. "என் பிள்ளை மேல சத்தியம்கா" என்றாள் டீச்சர், தன் தலையிலேயே கை வைத்து.

முதல் வருஷம் நாக்குத் தள்ளியது. இரண்டு தடவை பாதி வழியில் கழன்று, தனியாக வீடு திரும்பினாள். யாரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கால் பிடிபட்டது. கூட்டத்தோடு ஒட்டிப்போனாள். முறை வந்தபோது முன்னால் போனாள். ரொம்ப நேரம் முன்னாலேயே போனாள். பேக்கரிக்காரர் பின்னால் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குவது கேட்கும். பாவம், ராத்திரியெல்லாம் அடுப்பில் நின்ற மனுஷன் என்று இவள்தான் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பாள்!

ஆக, அவளிடம் ஒரு சொந்த அளவுகோல் இருந்தது. இந்த மூவரோடு நீரேற்று நிலையம் போய்வர முடிகிறவரை நோய் தலைதூக்கவில்லை என்று அர்த்தம். ரத்தப் பரிசோதனை என்பது டாக்டருக்கு. கால் என்பது தனக்கு. இந்த வருஷம் ஆலையில் வேலை நெருக்கியபோது ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போட்டாள். அடுத்ததும் தள்ளிப்போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டியது. இடது விலாவுக்குக் கீழே எதையோ திணித்து வைத்த மாதிரி இருந்தது. வாயு என்று நினைத்துக்கொண்டாள். வியர்த்துக்கொட்டித் தலையணை நனைந்தது, புழுக்கம் என்றாள். "ஒருதரம் டாக்டரைப் பார்த்துட்டு வந்துடேன்" என்று கணவர் சொன்னபோது, "போன ஞாயித்துக்கிழமை முன்னால போனது யாருன்னு பேக்கரிக்காரரைப் போய்க் கேளுங்க" என்று வாயை அடைத்தாள். சாவி வெட்டுகிற கடை வைத்திருக்கும் அந்த மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், கடைக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒருவர் சேர்ந்தார். செல்போன் கடைக்காரர், கேப்டனுக்குத் தூரத்து உறவு. பளபளவென்று சைக்கிள், பேச்சு நிற்காத வாய். கிளம்புகிற அவசரத்தில் யாரும் அவரிடம் எதையும் சொல்லி வைக்கவில்லை.

ஆலைச் சுவர் முடிந்து திறந்த வெளி வந்தது. கேப்டன் முழங்கையை ஆட்ட, கட்டரம்மா முன்னால் வந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. தலையைத் தாழ்த்தி மிதித்தாள். அன்றைக்குக் கால் என்னவோ இரும்பாகக் கனத்தது. இருந்தாலும் பின்னால் எல்லாரும் ஒட்டியே வருவது சக்கரச் சத்தத்தில் தெரிந்தது. நாம் போகிற வேகத்துக்குத்தானே அவர்களும் வருகிறார்கள், பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

பின்னாலிருந்து செல்போன் கடைக்காரரின் குரல் கணீரென்று வந்தது.

"ஏன் சார், எல்லாரும் பிரேக்லயே விரல வச்சுகிட்டு வர்றீங்க? பிரேக் கட்டை தேஞ்சிடாதா? அந்தம்மா போற வேகத்துக்கு நடந்தே போயிடலாம் போலிருக்கே!"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இல்லாததுதான் கட்டரம்மாவின் காதில் விழுந்தது. பேக்கரிக்காரரின் புஸ் புஸ் சத்தம்கூடப் பட்டென்று நின்றுபோயிருந்தது.

அவள் சைக்கிளை ஓரம் கட்டினாள். திரும்பிப் பார்த்தாள். பேக்கரிக்காரர் கீழே குனிந்து செயினை ஆராய்ந்தார். செயினில் ஒன்றும் இல்லை. டீச்சரின் முகம் வெளிறிப் போயிருந்தது. நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"கேப்டன், நான் இல்லாதப்போ எப்படிப் போவீங்களோ அப்படிப் போங்க. பார்க்கணும்."

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்..."

"போங்கன்னு சொல்றேன்ல."

கேப்டன் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பிறகு ஏறி மிதித்தார், மற்றவர்களும் மிதித்தார்கள். கட்டரம்மா பின்னாலேயே விழுந்தடித்துப் போனாள். இரண்டாவது மின்கம்பம் வருவதற்குள் அவர்களுடைய நிழலிலிருந்து கழன்று விழுந்தாள். வளைவு வருவதற்குள் அவர்கள் கண்ணில் இல்லை. நடுச்சாலையில் ஒரு காலை ஊன்றி, நெஞ்சு படபடக்க, அவள் நின்றாள். இவ்வளவுதான் அவளுடைய கால். அவளைத் தவிர எல்லாருக்கும் இது தெரிந்திருக்கிறது.

வீட்டில் கணவர் ஒரு கேள்வியிலேயே விழுந்துவிட்டார்.

"டீச்சர்கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நீ ரெண்டு தடவை தனியா திரும்பி வந்தே பாரு, அப்போ உன் மூஞ்சியைப் பார்க்க முடியல என்னால. கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லும்மான்னுதான் கேட்டேன். அவ மத்தவங்ககிட்ட பேசிட்டா போல."

"அப்போ எத்தனை நாளா?"

அவர் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினார். "அதுல இருந்தேதான்."

கால் பிடிபட்டது என்று அவள் பூரித்துப்போன நாளிலிருந்து. காதில் பூச்சுற்றியது ஒருவர் இருவர் இல்லை, கூடிப் பேசி, ஆளாளுக்கு வேலை பிரித்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள். கேப்டன் முறையை மாற்றிக் கொடுத்தார். பேக்கரிக்காரர் மூச்சு வாங்கிக் காட்டினார். ஆலைக்காரர்களாவது முகத்துக்கு நேரே தலையைச் சாய்த்தார்கள். இவர்கள் அவளுடைய முதுகுக்குப் பின்னால் சாய்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கட்டரம்மா அன்றைக்கு அழவில்லை. அவமானத்தில் உடம்பு எரிந்தது. கணவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மறுநாளே போய் ரத்தம் கொடுத்தாள்.

டாக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். கெட்ட அணுக்கள் மளமளவென்று ஏறியிருந்தன. மண்ணீரல் வீங்கியிருந்தது. மாத்திரை வேலை செய்வதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருக்கும் என்றார். வேறு மாத்திரைக்கு மாற வேண்டும். அது கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கேட்காவிட்டால் அடுத்தது என்ன என்பதை அப்புறம் பேசலாம். "முன்னாடியே வந்திருந்தா எனக்கு இன்னும் கொஞ்சம் வசதியா இருந்திருக்கும்" என்றார் மெதுவாக. "உங்களுக்கு அசதியே தெரியலையாம்மா?"

தெரிந்தது டாக்டர். நாலு பேர் சேர்ந்து அது அசதி இல்லை என்றார்கள். இதை அவள் சொல்லவில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போட்டது தன் கைதான் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எந்தத் தைரியத்தில் தள்ளிப்போட்டாள்?

டீச்சர் பல நாள் கழித்துத்தான் கீழே இறங்கி வந்தாள். கட்டரம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து பழைய போர்வை ஒன்றைத் தலையணை உறைக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"அக்கா, என்னைத் திட்டுங்கக்கா. வாய்க்கு வந்தபடி திட்டுங்க. இப்படி இருக்காதீங்க."

"உக்காரு."

டீச்சர் உட்காரவில்லை. "உங்க நல்லதுக்குத்தான்கா நினைச்சோம். ஞாயித்துக்கிழமை ஆனா உங்க முகத்துல ஒரு வெளிச்சம் வரும். அதை எப்படிக்கா கெடுக்க முடியும்?"

"நீங்க என்னை விட்டுட்டுப் போயிருக்கணும்" என்றாள் கட்டரம்மா. குரல் உயரவே இல்லை. "கேப்டன் சட்டப்படி நடுரோட்டுல விட்டுட்டுப் போயிருந்தா, ஆறு மாசத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும் எனக்கு. அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன். உங்க சக்கரத்தை நம்பி நான் என் உடம்பை நம்பாம விட்டேன் பாரு."

டீச்சர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கு அதுவரை தெரியாது. இப்போது தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டரம்மா அவளை அழவிட்டாள். தேற்றுகிற மனசு வரவில்லை. வராத மனசை வந்ததாகக் காட்டுகிற கலை அவளுக்குத் தெரியாது.

அழுகை அடங்கியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் தொண்டையில் நின்ற கேள்வி அது ஒன்றுதான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உண்மையைச் சொல்லு. ஒரு நாளாவது நான் நிஜமாவே முன்னால போனேனா? நீங்க யாரும் பிரேக்கத் தொடாம?"

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "போனீங்கக்கா! அந்த மழை நாள்ல. ஞாபகம் இருக்கா? பாலத்து மேட்டுல நீங்க பாட்டுக்குப் போய்ட்டீங்க. நாங்க மூணு பேரும் மிதிச்சு மிதிச்சுப் பார்த்தோம், பிடிக்கவே முடியல. கேப்டனே அசந்துட்டாரு. சத்தியமாக்கா."

ஞாபகம் இல்லாமல் என்ன? தொடை எரிய எரிய, கண்ணில் மழை வழிய, மேட்டின் உச்சியில் திரும்பிப் பார்த்தபோது மூவரும் கீழே சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கட்டரம்மா டீச்சரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண், புருவம், நடுங்குகிற உதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உண்மை சொல்கிற முகம் மாதிரிதான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது அப்படித்தான் இருந்தது.

"சரி, நீ போ" என்றாள்.