புது ஃபேன் மாட்டின மத்தியானம்

என் வீட்டுக்காரர் என்கிட்ட அதிகமா பேசினது கம்ப்யூட்டர்லதான்.

முதல் தடவை பக்கவாதம் வந்தப்ப நாக்கும் வலது கையும் போச்சு. புத்தி அப்படியே இருந்தது. அவர் டிசைன் போடுறவர். பட்டுச் சேலைக்குப் பார்டர், புட்டா எல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு கொடுப்பார். அதைப் பார்த்து அட்டை குத்துவாங்க. அந்த அட்டையைத் தறி மேல மாட்டினா டிசைன் சேலையில இறங்கும். அதுக்காக வாங்கின கம்ப்யூட்டர். வாங்கும்போதே பழசு.

வாதத்துக்குப் பிறகு வரையற வேலை நின்னுபோச்சு. இடது கையில ஒரே விரலால எழுத்து எழுத்தா தட்டி என்கிட்ட பேச ஆரம்பிச்சார்.

எங்களுக்குள்ள ஒரு பழக்கம் வந்தது. அவர் எழுதும்போது நான் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டித் தறியில உட்கார்ந்து நெய்ஞ்சுகினு இருப்பேன். எழுதி முடிச்சதும் மேசையை ஒரு தட்டு தட்டுவார். எழுந்து போய்ப் படிப்பேன். நான் அஞ்சாவது படிச்சவ, மெதுவாத்தான் வரும். பதிலை வாயால சொல்லிட்டுத் திரும்பத் தறிக்கு வந்துடுவேன். நானா ஏதாவது கேட்டா, ஆமான்னா ஒரு தட்டு. இல்லைன்னா ரெண்டு.

"ரசத்துல உப்பு இல்ல"ன்னு எழுதுவார். "உன் தம்பி வந்தா நான் தூங்கறேன்னு சொல்லு." ஒரு தடவை, "நீ பாடாத. நூல் அறுந்துடும்." வாய் இருந்த காலத்துல இவ்வளவு பேசினவர் இல்ல.

அந்தக் கோடையில கம்ப்யூட்டர் தானா அணைய ஆரம்பிச்சது. தறி இருக்கிற இடத்துல நாங்க மேல ஃபேன் போட மாட்டோம். காத்து அடிச்சா பட்டு நூல் காஞ்சு அறும். ஜன்னலும் பாதிதான் திறந்திருக்கும். மொதல்ல ரொம்ப நேரம் ஓடித்தான் அணைஞ்சது. போகப்போக ரெண்டு வரி எழுதறதுக்குள்ள அணைஞ்சது.

ஒரு நாள் ரொம்ப நேரமா தட்டிகினு இருந்தார். எழுதறார், அழிக்கிறார், எழுதறார். பெட்டிக்குள்ள கிர்ருன்னு ஒரு சத்தம் வந்தது. அணையப் போகுதுன்னு திரும்பிட்டேன். திரையில இருந்ததைப் படிச்சிட்டேன்.

"உன்ன ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருஷமா கேக்கல. நீ"

அதோட இருட்டாயிடுச்சு.

திரும்பப் போட்டேன். வந்த வேகத்துல அணைஞ்சது. ஆறவிட்டுப் போட்டேன். அதே கதை.

"நான் இன்னா பண்ணேன்?"ன்னு கேட்டேன்.

கண்ணை மூடிக்கினார்.

"பசங்க விஷயமா?"

ரெண்டு தட்டு.

"எங்கம்மா வீட்டு விஷயமா?"

தட்டவே இல்ல.

ஒரு அட்டையில எழுத்தெல்லாம் பெரிசா எழுதி முன்னால வச்சேன், விரலை வச்சுக் காட்டட்டும்னு. அதைத் தள்ளி விட்டுட்டார். முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேக்கிற விஷயம் இல்ல போல. கம்ப்யூட்டரைக் காட்டினார். அது வரட்டும்.

பஜார்ல இருக்கிற ரிப்பேர் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்துட்டுச் சிரிச்சார்.

"இன்னாக்கா, உள்ளயும் ஒரு சேலை நெய்ஞ்சு வச்சிருக்கீங்க?"

ப்ராசசர் மேல ஒரு ஃபேனும், அதுக்குக் கீழ தகடு தகடா அலுமினியமும் இருந்தது. சூட்டை இழுக்கிறது அதுதானாம். தகடுக்கு நடுவுல முழுக்கப் பட்டுப் பிசிறு. அரக்கு, மாம்பழ மஞ்சள், பச்சை. நான் நெய்ஞ்ச கலர் அத்தனையும் இருந்தது. ஃபேன் சுத்தவே இல்ல.

"இது பழைய மாடல்க்கா. ஃபேனும் தகடும் சேர்ந்த இந்தக் கூலர் இங்க கிடைக்காது. மெட்ராஸ்ல சொல்லி வைக்கணும். பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடுங்களேன்."

"அதுக்கு வழியில்லப்பா. இதுக்கே சொல்லு."

"ஜல்தியா வராதுக்கா."

"வரும்போது வரட்டும்."

வரல. நாள் போச்சு. அதுக்குள்ள ஒரு காலையில வீட்டுக்காரர் கையில இருந்த காபி டம்ளர் நழுவிச்சு. வாய் இன்னும் கோணிச்சு. வேலூருக்குத் தூக்கிகினு ஓடினோம். டாக்டர் மூளையில இடது பக்கம், அது இதுன்னு சொன்னார். உயிருக்கு ஒண்ணும் இல்லன்றது மட்டும் எனக்கு ஏறிச்சு. அது போதும்னு கூட்டிகினு வந்துட்டேன்.

வந்த கொஞ்ச நாள்ல கூலர் வந்தது. நாளைக்கு வந்து மாட்டித் தரேன்னார் கடைக்காரர். கூலருக்கு அடியில தடவ ஒரு சின்ன ட்யூப்ல பசையும் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து காட்டினேன். வீட்டுக்காரருக்குப் பொறுக்கல.

"நாளைக்கு வராராம்."

ரெண்டு தட்டு. ஸ்குரூ டிரைவர் இருக்கிற டப்பாவைக் காட்டினார்.

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

ஒரு தட்டு.

பெட்டியைக் கட்டில் பக்கத்துல படுக்கப் போட்டேன். பழைய கூலர் அசையல. பசை காஞ்சு ஒட்டிக்கினு இருந்தது. மேல இழுக்கப் போனேன். கையைப் பிடிச்சுக்கினார். சுவிட்சைக் காட்டினார். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடு ஏத்தினேன். நிறுத்திட்டுக் கம்பியைப் பிடுங்கினேன். கொக்கியைக் காட்டி எடுக்க வச்சுட்டு, தன் கையை இப்படியும் அப்படியும் திருகிக் காட்டினார். நானும் திருகினேன். வந்துடுச்சு. பழைய பசையைத் துணியால துடைச்சேன்.

புதுப் பசையை ட்யூப் முழுக்கப் பிதுக்கப் போனேன். தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது எல்லா இழையிலயும் படணும், கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. கை அதே பழக்கத்துல போச்சு. புறங்கையில சுளீர்னு ஒரு அடி விழுந்தது. விரல் நுனியைக் காட்டினார், ஒரு உளுந்து அளவு. கோணின வாயோட சிரிச்சார். நானும் சிரிச்சேன். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் வீட்டுல சிரிச்சது அன்னிக்குத்தான்.

புதுசை மேல வச்சு அழுத்திக் கொக்கியைப் போட்டேன். ஃபேன் ஒயரைச் சொருகற இடத்தை அவரே காட்டினார். ஒண்ணையும் மறக்கல. இவருக்கு ஒண்ணும் ஆகல, எல்லாம் அப்படியே இருக்குன்னு நினைச்சுகினேன்.

ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் சத்தமில்லாம சுத்திச்சு. திரை வந்தது. எழுதற இடத்தைத் திறந்து கொடுத்து, நாற்காலியில உட்கார வச்சேன். நான் போய்த் தறியில உட்கார்ந்தேன். முதுகு அவர் பக்கம்.

கீபோர்டு சத்தம் கேட்டது. ஒண்ணு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு. நான் நெய்யறேன்னு பேர். இழை எங்க போகுதுன்னு பார்க்கல. கேக்கட்டும், எதுவா இருந்தாலும் கேட்டுடட்டும்.

சத்தம் நின்னுச்சு. மேசையில தட்டு விழல.

காத்திருந்தேன். அப்புறம் திரும்பினேன்.

திரை முழுக்க எழுத்து. சேர்த்துப் படிச்சா ஒண்ணும் வரல. ஒரு "நீ" கூட இல்ல. அவர் கீபோர்டையே பார்த்துகினு இருந்தார். விரல் ஒவ்வொரு எழுத்து மேலயும் போய் நின்னுச்சு, அமுக்காம அடுத்ததுக்குப் போச்சு. அப்பதான் மூளையில இடது பக்கம்னு வேலூர் டாக்டர் சொன்னதுக்கு அர்த்தம் எனக்குப் புரிஞ்சது.

பக்கத்துல போய் நின்னேன்.

"கேக்க வேண்டியது ஞாபகம் இருக்கா?"

ஒரு தட்டு.

"எழுத்துதான் வரலையா?"

ஒரு தட்டு.

கம்ப்யூட்டர் ஓடிகினே இருந்தது. அணையல.

"ஏங்க, நீங்க என்ன கேட்டாலும் நான் சரின்னுதான் சொல்லுவேன். கேட்ட மாதிரி நினைச்சுக்கங்க. சரி."

என் முகத்தைப் பார்த்தார். ரெண்டு தட்டு தட்டினார்.

சரின்னு சொல்லி முடிக்கிற கேள்வி இல்ல அது.