ஈயத்தாள் வைத்த கப்பல்

என் புருஷனுக்கு நீந்தத் தெரியாது. அப்படிப்பட்டவர் தண்ணீருக்கு அடியில் போகிற கப்பல் செய்யக் கிளம்பினார். லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் நீர்கொழும்பில் ஃபைபர்கிளாஸ் படகு கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். கண்ணாடி இழைத் துணியை அச்சின் மேல் விரித்து, ரெசின் பசையைப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் அடுத்த துணி. அடுக்கடுக்காக ஏறினால் மரத்தைவிடக் கெட்டி என்பார். அந்த வேலை போனதும் ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்து, ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், மெஷின் பார்த்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஆலைக்குத் தண்ணீர் போகிற குளத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டு வரவேண்டுமாம். எதற்கு என்று கேட்டால், பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பார். இந்த மனுஷனோடு என்னத்தைப் பேசுவது?

பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் முதலாளியிடம் சொல்லி ரெசின் வரவழைத்தார். லயத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பீப்பாய் எழும்பியது; அதுதான் கப்பல். எங்கள் ஊர்ப் பனியில் அது லேசில் காயவில்லை. சோற்றில்கூட அந்த வாடை. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி தண்ணீர்த் தொட்டியா என்று கேட்டாள். மானத்தைக் காப்பாற்ற ஆமாம் என்றேன்.

பாதி அடுக்கு ஏறியபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் வைத்துத்தான் அனுப்புவார்கள். கடல் தாண்டினாலும் தூளில் ஈரம் ஏறாது. அந்தத் தாளைப் பீப்பாயைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் மீதி அடுக்குகளைப் போட்டார். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அது சரியென்றே படும். எனக்கும் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆம்பளைகள் அதைக் குளத்துக்குத் தூக்கிப் போனார்கள். மூழ்குவதற்கு அடியில் இரும்புப் பாரம் கட்டி, முதலில் அவருடைய எடைக்குக் கல்லை உள்ளே வைத்து, லொறி டியூப் ரப்பர் ஒட்டிய இரும்பு மூடியை முடுக்கி, கயிற்றில் இறக்கினார்கள். அடிவரை போய் வந்தது. திறந்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கல்லை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அவர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

நான் போய்க் குறுக்கே நின்றேன். இன்னொரு தடவை கல்லே போகட்டும் என்றேன். ஈரமே இல்லை, நீயும்தானே பார்த்தாய் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மலையில நிறுத்த தேயிலக் கொழுந்த ஸ்டோர்ல மறுபடியும் நிறுக்கிறாங்க. கொழுந்துக்கே ரெண்டு தடவ. நீங்க என்ன அதவிடக் கேவலமா?"

ஆம்பளைகள் சிரித்தார்கள். அவர் முகம் தொங்கிப்போய்க் காலை வெளியே எடுத்தார். பயந்து எடுக்கவில்லை, வெட்கத்தில் எடுத்தார். கல்லை மறுபடி அடுக்கி இறக்கினார்கள்.

கயிறு பாதிக்குமேல் போயிருக்கும். அடியில் பலகை முறிந்தது போல ஒரு சத்தம். பிறகு குமிழி குமிழியாக வந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அவசரமாக மேலே இழுத்தார்கள்.

மேலே வந்தபோது பீப்பாய் உள்ளே அமுங்கி, பக்கமெல்லாம் கிழிந்திருந்தது. ஈயத்தாள் இருந்த இடத்தில் உள் அடுக்கு வேறு, வெளி அடுக்கு வேறாக, வெங்காயச் சருகு மாதிரி கழன்று நின்றது. தாளில் ரெசின் பிடிக்கவே இல்லை. முதல் தடவை இறங்கும்போதே உள்ளுக்குள் ஒட்டு விட்டிருக்கும், வெளியே தெரியவில்லை என்று அவர் தனக்குத்தானே முணுமுணுத்தார். அவருக்குப் பதில் வைத்த கற்களின் மேல் ஓடு நசுங்கிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

நேராகப் போய் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அத்தனை பேர் முன்னால் புருஷனைக் கைநீட்டி அடித்தவளை எங்கள் தோட்டம் அதுவரை கண்டதில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

"அடி புள்ள, இன்னும் அடி," என்றார்.

கை எழும்பவில்லை. அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.