வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சரித்திரத் தலைப்பு

சரித்திர மாணவனுக்குச் செத்துப்போனவர்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. உயிரோடு இருப்பவர்கள்தான் உபத்திரவம். ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடிச் செருப்பைத் தேய்த்த சக பாவாத்மாக்களே, உங்களுக்கு இது புரியும்.

யுத்த காலம். திருச்சியில் ஹானர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கோ ஓரிடத்தில் உட்காராத சுபாவம். காலையில் பிடித்த தலைப்பு மத்தியானத்துக்குள் புளித்துவிடும். புரொபசர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ளே புதுசா ஒரு உள்ளூர்த் தலைப்போட வா. இல்லேன்னா ஹானர்ஸ் வகுப்பிலேர்ந்து உன் பேரை எடுத்துடுவேன்" என்றார். பேர் போனால் முசிறியில் அப்பாவின் வாழைத்தோப்புதான். எனக்கென்று ஒரு மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைத்திருப்பதாக அவர் அன்போடு சொல்லியனுப்பியிருந்தார்.

பீரங்கிக் குண்டு

மலைக்கோட்டையைச் சுற்றி இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டது பழைய கதை. அந்தச் சண்டையின் பீரங்கிக் குண்டு ஒன்று கண்ணில் பட்டால் தலைப்பாயிற்று என்று கடைவீதிக்குள் நுழைந்தேன். ஜவுளிக்கடைச் செட்டியார், கதவுக்கு முட்டாக வைத்திருந்த இரும்புக் குண்டைப் பெருமையாகக் காட்டினார். நகைக்கடையிலும் ஒன்று இருந்தது. வெல்ல மண்டியில் ஒரு குவியலே! சாயங்காலத்துக்குள் நான் பார்த்ததையெல்லாம் நிஜமாகவே சுட்டிருந்தால், உச்சிப் பிள்ளையார் மலையோடு பறந்து இலங்கையில் இறங்கியிருப்பார்.

சந்தேகம் வந்து செட்டியாரிடமே திரும்பினேன். அவர் குண்டைக் காலால் உருட்டிக்கொண்டே சொன்னார்: "பக்கத்துக் கடையில சண்டைக் குண்டு இருக்குன்னு கூட்டம் அங்க போவுது, நான் சும்மா இருக்க முடியுமா தம்பி? குண்டு புதுசுதாங்க, ஆனா சண்டை நிஜம்!"

கூடவே நடந்தவர்

மறுநாள் ஸ்ரீரங்கம். கோயில் கைங்கர்யம் செய்யும் ஓர் ஐயங்கார் உத்தர வீதியில் அகப்பட்டார். "பெருமாள் ஊரை விட்டு எழுந்தருளினாரே, அப்போ நாங்க எல்லாரும் கூடவே நடந்தோம். காடு, மலை! தளிகைக்கு அரிசி இல்லை" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இவர் வாலிபத்தில் இத்தனை பெரிய விஷயம் நடந்திருக்கிறது, ஒரு புத்தகத்திலும் இல்லையே! கண்ணால் கண்ட சாட்சியும் கையில் கிடைத்துவிட்டார். பரபரவென்று, "அப்போ உங்களுக்கு என்ன வயசு, சுவாமி?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயசாவது ஓய்! டில்லிப் படை வந்து அறுநூறு வருஷம் ஆறது. எங்க முன்னோர் போனா, நாங்க போகலைன்னு ஆயிடுமா?"

தங்கைக்குச் சீர்

வியாழக்கிழமை. மண்வெட்டியை நினைத்துக்கொண்டே, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடிய கரி பஸ்ஸில் சமயபுரத்துக்கு ஏறினேன். கொள்ளிடம் பாலத்தில் பஸ் இளைப்பாற நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளாமல் இறங்கி நடந்தேன். நான் கோயில் வாசலில் இளநீர் குடித்து முடித்த பிறகுதான் பஸ் வந்து சேர்ந்தது. நம்பினால் நம்புங்கள்.

அங்கே பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: தைப்பூசத்துக்கு மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு வருவாள், ஸ்ரீரங்கத்துப் பெருமாள் அவளுக்கு அண்ணன் முறையில் பட்டும் பூவும் பழமும் சீராக அனுப்புவார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெருமாளுக்கும் மாரியம்மனுக்கும் இந்த உறவு எப்போது ஏற்பட்டது? எந்த ராஜா வைத்த வழக்கம்? அவளையே கேட்டேன். தொடுத்த கை நிற்கவில்லை. "தங்கச்சிக்குச் சீர் அனுப்ப ராஜா எதுக்கு தம்பி? நீ அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?"

தீர்ப்பு

வெள்ளிக்கிழமை காலை, மூச்சு விடாமல் சீர் விஷயத்தைப் புரொபசரிடம் ஒப்பித்தேன். அவர் எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். என்னைவிட அதிகமாகத் தவித்தார் மனிதர். டாக்டர் பட்டத்துக்காக 'ஜில்லாவின் நிலவரி' என்ற தலைப்பைக் கட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் தாண்ட முடியாமல் அவர் வருஷக் கணக்காக மாரடிப்பது எல்லோருக்கும் தெரியும்.

"தேறுமா சார்?" என்றேன்.

"தேறுமாவா? பிரமாதம்! உன் பேர் வகுப்பிலேயே இருக்கட்டும். சீரை நான் எழுதிக்கறேன். நீ என்னோட நிலவரியை எடுத்துக்கோ, உனக்கு வயசிருக்கு!"

இப்படியாக எனக்கு ஹானர்ஸ் கிடைத்தது. சரித்திரம் மட்டும் புரொபசருக்குப் போய்ச் சேர்ந்தது.